பழைய வளவு வீட்டில் துருப்பிடித்த வார்ப்பிரும்புக் குழாய்கள்: சுவருக்கு நோகாமல் மாற்றுவது எப்படி?

பள்ளத்தூர் வளவு

வணக்கம். பள்ளத்தூரில் 7 புள்ளிக்கு (பங்குள்ள குடும்பங்களுக்கு) பொதுவான பழைய வீடு. தட்டைச் செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர். வளவின் (நடு முற்றத்தின்) நான்கு மூலையிலும் ஓட்டு நீரை இறக்கும் 4 அங்குல வார்ப்பிரும்புக் குழாய்கள். இரண்டாங்கட்டு மாடியில் பின்னாளில் சேர்த்த கழிப்பறைக்குத் தனியாக இன்னொரு 4 அங்குலக் குழாய். அது கீழே இறங்கி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்கு அடியில் 6 அங்குலக் குழாயாகச் சுமார் 9 மீட்டர் நேராக ஓடி, தோட்டத்து செப்டிக் டேங்கில் சேர்கிறது.

வடமேற்கு மூலையில் குழாய்க்குப் பின்னால் சுவர் ஈரம். காரை உப்பி, தொட்டால் மாவாக உதிர்கிறது. கழிப்பறைக் குழாயில் இரண்டு துண்டு சேரும் ஒரு சாக்கெட்டுக்குக் கீழே பழுப்புத் தாரை இறங்கியிருக்கிறது. பார்க்க வந்த மேஸ்திரி, எல்லாக் குழாயையும் உடைத்து எடுத்துவிட்டு, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி 75 மி.மீ. பி.வி.சி. பதித்து, மேலே சிமெண்ட் பூசிவிடலாம், ஒரு வார வேலை என்கிறார். சரிதானா? ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

ஈயமும் சணலும்

வேண்டாங்க. காடி, 75, சிமெண்ட் மூன்றுமே இந்த வீட்டுக்கு ஆகாது. அதற்கு முன்னால், எந்தக் குழாய் உண்மையிலேயே போய்விட்டது என்று கண்டுபிடியுங்கள். ஐந்தையும் கழற்ற வேண்டிய அவசியம் இல்லாமலே போகலாம்.

முதல் சோதனை, நீர் எங்கிருந்து வருகிறது என்பது. கூடல்வாய்த் தகரம் (இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் இடத்தில் நீரை வாங்கும் தகரம்) ஓட்டையாக இருந்தாலும் சுவர் இதேபோலத்தான் நனையும். மழை இல்லாத நாளில் ஹோஸ் பைப்பைக் குழாயின் வாய்க்குள் ஓர் அடி ஆழம் விட்டு, அரை மணி நேரம் மெதுவாகத் தண்ணீர் ஓட விடுங்கள். சுவரில் புது ஈரம் வரவில்லை என்றால் குழாய்மேல் குற்றம் இல்லை, தகரத்தைப் பாருங்கள். ஈரம் வந்தால் குழாய்தான்.

இரண்டாவது, ஒரு சின்னச் சுத்தியலால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். பொத்தென்று அடங்கினால் அங்கே சாக்குக்கட்டியால் குறி போடுங்கள். குறி போட்ட இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, கூரான ஆணியால் கீறிப் பாருங்கள். பென்சில் கரி போலக் கருப்பாகக் கீறல் விழுந்து மாவு கையில் ஒட்டினால், இரும்பு கரைந்து போய் அதிலிருந்த கிராஃபைட் மட்டும் குழாய் வடிவத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வெளிப்பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும், ஏணி சாய்ந்தால் உடைந்துவிடும். அந்தத் துண்டைக் காப்பாற்ற வழி கிடையாது. எபாக்சி கட்டு, சிமெண்ட் பூச்சு எல்லாம் ஒரு மழைக்காலத்துக்குத்தான்.

மூன்றாவது, குழாயின் முதுகு. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே செருகி, டார்ச் அடித்துப் பாருங்கள். காதுள்ள (சுவரில் ஆணியடிக்கும் பட்டை உள்ள) பழைய குழாய்கள் சுவரோடு ஒரு விரல் இடைவெளியில்கூட நிற்காது. அங்கே பிரஷ் நுழையாததால் முதுகில் பெயிண்டே ஏறியிருக்காது. முன்புறம் பளபளப்பாக இருக்கும் குழாய் முதுகில் நெடுகப் பிளந்திருக்கும். சுவர் நனைவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

சுண்ணாம்புக்காரர்

சிமெண்ட் பற்றி. சுண்ணாம்புச் சுவர் உள்ளே ஏறிய ஈரத்தைத் தன் முகத்தின் வழியாகவே வெளியே விட்டுக் காயும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் அந்த வாசல் அடைபடும். ஈரம் சிமெண்டுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து, இன்றைக்கு நல்லா இருக்கும் காரையைத் தள்ளும். சிமெண்டில் இருக்கும் உப்பும் சேர்ந்து வெளுப்பாகப் பூக்கும். 2 அடி அகலப் பட்டையாகப் பூசிய சிமெண்டுக்கு இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பூச்சு உதிர்ந்து நிற்பதைக் கானாடுகாத்தானிலிருந்து தேவகோட்டை வரை தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

காடி அதைவிட மோசம். தட்டைச் செங்கல் சுவரில் கட்டுமானத்தைப் பிடித்திருப்பது கல்லை விடக் காரைதான். நெடுகக் காடி வெட்ட ஹாமர் டிரில் வைத்தால், அதிர்வு வெட்டுகிற இடத்தோடு நிற்காது. அடுத்த பக்கத்து முட்டைப் பூச்சில் (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில்) மயிரிழை விரிசலாக வந்து விழும். அந்தப் பூச்சை இன்னொருமுறை அதே வழவழப்பில் கொண்டுவரத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு. தயவுசெய்து அந்தச் சுவரில் காடி வெட்ட விடாதீர்கள். குழாய் வெளியிலேயே நிற்கட்டும். கட்டியவர்கள் வெளியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

> குழாய்க்குப் பின்னால் காரை உப்பி உதிர்கிறது

குழாயைக் கழற்றியதும் உடனே பூசாதீர்கள். உதிர்வதை மட்டும் கரண்டியால் சுரண்டி எடுத்து, செங்கல் தெரிய விட்டு, குறைந்தது 3, 4 வாரம் காய விடுங்கள். வெளியே பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். பிறகு நீற்றிய சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, கழுவிய ஆற்று மணல் 2 என்ற கலவை. கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைப்பது நம் பக்கத்து வழக்கம். செங்கல் தூள் சேர்ப்பது ஈரமான இடத்திலும் கலவை இறுகுவதற்காக. ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். நனைத்த சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் பதத்தோடு வைத்து, பிறகு அடுத்த பூச்சு. ஒட்டுப் போடும் விளிம்பைக் கன்னாபின்னாவென்று விடாமல், மட்டக்கோல் வைத்து நேர்கோட்டில் வெட்டிக்கொண்டால் ஒட்டு கண்ணில் உறுத்தாது.

தேவகோட்டை பிளம்பிங்

75 ஏன் ஆகாது என்றால் கணக்கு இதுதான். மணிக்கு 100 மி.மீ. என்ற வேகத்தில் மழை கொட்டினால், 75 மி.மீ. செங்குத்துக் குழாய் சுமார் 20 சதுர மீட்டர் கூரை நீரைத்தான் இறக்கும். 100 மி.மீ. குழாய் 40 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் மூலை ஒன்றுக்கு எவ்வளவு ஓடு நீர் சேர்கிறது என்று அளந்து சொல்லுங்கள். நம் பக்கம் மழை நாள் குறைவு, ஆனால் பெய்தால் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். குழாய் தாங்காவிட்டால் தகர வாய்க்கால் நிரம்பி, தேக்கு உத்திரத்தின் தலைமேல்தான் வழியும்.

இப்போது கழற்றும் முறை. தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

6 அடிக் குழாய் ஒன்று 20 கிலோவுக்கு மேல். பழைய மணல் வார்ப்பு இன்னும் கனம். ஒவ்வொரு குழாயும் தன் மேல்முனை சாக்கெட்டில் உள்ள காதில், சுவருக்குள் அடித்த மரக்கட்டையில் ஆணியோடு தொங்குகிறது. அதனால் எப்போதும் மேலிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே முதலில் வெட்டினால் மேலே இருக்கும் மொத்தப் பாரமும் நூறு வயசு ஆணிகளில் போய் உட்காரும்.

சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் சாரம் கட்டுங்கள். மேல் குழாயைக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டி, கப்பியில் இழுவை கொடுத்துப் பிடியுங்கள். அடுத்த சாக்கெட்டுக்கு 2 அங்குலம் மேலே வைரத்தூள் பிளேடு போட்ட கிரைண்டரால் சுற்றி வெட்டுங்கள். முதுகுப் பக்கம் பிளேடு போகாது. முன்பக்கம் முக்கால் வட்டம் வெட்டிவிட்டு, மீதியை ஹாக்சா பிளேடைக் கையில் பிடித்து அறுக்க வேண்டும். பொறுமை வேண்டிய இடம் அது. அதற்குப் பிறகுதான் காது ஆணியைத் தொட வேண்டும். கடப்பாரையைக் காரையில் ஊன்றி நெம்பாதீர்கள், பின்னால் ஒரு பலகை வையுங்கள். ஆணி வரவில்லை என்றால் தலையை வெட்டிவிட்டு உடலை உள்ளேயே விடுங்கள். குழாயை இறக்கியதும் அடுத்தது.

சங்கிலி கட்டர் வேண்டாம். அது நல்ல இரும்பை வட்டமாக நறுக்கும், கரியாகிப்போன குழாயை நசுக்கிச் சில்லுசில்லாக்கும். சம்மட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய பெயிண்டுக்கு அடியில் செம்மஞ்சளாகத் தெரிவது ஈயச் செந்தூரப் பூச்சாக இருக்கலாம். வெட்டும் இடத்தை நனைத்துக்கொண்டே வெட்டுங்கள், மூக்குக்கு நல்ல மாஸ்க், தரையில் தார்ப்பாய். வளவில் வடகம் காயப்போடும் வீடு என்பதை மறக்க வேண்டாம்.

கோட்டையூர் கட்டடப் பொறியாளர்

புதிதாக எதைப் போடுவது? வளவுக்குள் கண்ணில் படும் மழைநீர்க் குழாய்க்கு வார்ப்பிரும்பையே போடச் சொல்வேன். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 3989 தரக் குழாய் இன்றும் கிடைக்கிறது. மழை விழும் சத்தம் அதில் அடங்கும், வெயிலில் வளையாது. பழைய தலைப்பெட்டி (குழாய் உச்சியில் நீரை வாங்கும் பெட்டி), பூ வேலை செய்த காது இவற்றைக் கழுவித் திரும்ப மாட்டலாம். பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். குழாயைச் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே நாற்புறமும் துத்தநாகப் பாஸ்பேட் பிரைமர் ஒன்று, எனாமல் இரண்டு கை. சுவரிலிருந்து 40 மி.மீ. தள்ளி நிறுத்தும் பிடிகளைப் போட்டால், அடுத்தமுறை பிரஷ் முதுகுக்கும் போகும்.

கழிப்பறைக் குழாய்க்கு 110 மி.மீ. பி.வி.சி. போதும், ஆனால் ஐ.எஸ். 13592இல் ‘பி’ வகை, சுவர்க்கனம் 3.2 மி.மீ. கடையில் கேட்காமல் வாங்கினால் 2.2 மி.மீ. கனமுள்ள ‘ஏ’ வகையைக் கொடுத்துவிடுவார்கள். அது மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் மட்டும்தான்.

பி.வி.சி. வெயிலில் நீளும். 6 மீட்டர் குழாய் 30 டிகிரி ஏற்றத்தில் 12 மி.மீ.க்கு மேல் நீளும், வார்ப்பிரும்பு 2 மி.மீ.தான். அதனால் பசை போட்டு எல்லாவற்றையும் ஒட்டிவிடக் கூடாது, ரப்பர் ரிங் சாக்கெட் வாங்குங்கள். குழாய் முனையைச் சரித்து ராவி, சோப்புத் தண்ணீர் தடவி, முட்டும்வரை தள்ளி, பேனாவால் கோடு போட்டு, 10 மி.மீ. பின்னால் இழுத்து விடுங்கள். எண்ணெய், கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். சாக்கெட்டை ஒட்டி இறுக்கமான பிடி ஒன்று, நடுவில் குழாய் நழுவ இடம் தரும் பிடி ஒன்று.

அடியில் திரும்பும் இடத்தில் ஒரே 90 வளைவு போடாமல் 45 டிகிரி வளைவு இரண்டு. அதற்கு மேலே கதவு வைத்த டீ (‘T’ வடிவ இணைப்பு) ஒன்று. அடைப்பு வந்தால் கம்பி விட அதுதான் வழி. உச்சியைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்த் தொப்பி போடுங்கள். காற்றுப் போக்கி இல்லாவிட்டால் ஒவ்வொரு பிளஷுக்கும் டிராப்பில் (கோப்பைக்கு அடியில் உள்ள வளைவில்) நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் வீட்டுக்குள் வரும்.

பள்ளத்தூர் வளவு

எல்லோருக்கும் நன்றி. சோதித்தாயிற்று. வடமேற்கு மூலைக் குழாய் முதுகில் மேலிருந்து இரண்டாவது துண்டு நெடுகப் பிளவு, முதல் துண்டும் பொத்தென்றுதான் ஒலிக்கிறது. மற்ற மூன்று மூலையும் கணீர். கூரை மூலைக்கு 38 சதுர மீட்டர். கழிப்பறைக் குழாய் முழுக்க கரி. கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் தளத்துக்குள் போகும் துண்டு மட்டும் நன்றாக இருக்கிறது, அதை எடுத்தால் தளத்தையே உடைக்க வேண்டும்.

இரண்டு கேள்வி. அந்தத் துண்டோடு பி.வி.சி.யை எப்படிச் சேர்ப்பது? தரைக்கடியில் போகும் 6 அங்குலத்துக்காக ஆத்தங்குடித் தரையை உடைத்தே ஆக வேண்டுமா?

ஈயமும் சணலும்

38 என்றால் 100 மி.மீ. போதும், ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. குழாய் வாயில் ஓலைச்சருகு அடைக்காமல் கம்பிக்கூண்டு போட்டு, புரட்டாசியில் ஒருமுறை வழித்து எடுங்கள்.

சேர்ப்பு: பழைய துண்டின் சுற்றளவை டேப்பால் எடுத்து 3.14ஆல் வகுங்கள். சுற்றளவு 361 மி.மீ. என்றால் வெளிவிட்டம் 115. பி.வி.சி. 110. இந்த 5 மி.மீ. வித்தியாசத்தைப் பார்க்காமல் சாதாரண ரப்பர் கப்ளிங்கை இறுக்குவதால்தான் பாதிச் சேர்ப்பு ஒழுகுகிறது. இரு பக்கமும் வேறு வேறு அளவுள்ள மாற்றுக் கப்ளிங், வெளியே முழுச் சுற்று துருப்பிடிக்காத எஃகுக் கவசம் உள்ளதாகக் கேளுங்கள். காரைக்குடியில் இல்லையென்றால் மதுரை, திருச்சியில் தேடலாம். பழைய இரும்பின் முனையை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்த பிறகு மாட்ட வேண்டும். துருச்செதில் மேல் ரப்பர் உட்காராது.

அந்தத் துண்டில் பழைய சாக்கெட் இருந்தால், உள்ளே சணலைத் திணித்து அதன்மேல் ஊற்றி அடைத்த ஈயத்தைச் சூடுகாட்டி உருக்காதீர்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும், அடியில் ஊறிக் கிடக்கும் சணலில் உள்ள தண்ணீர் நீராவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். 5 மி.மீ. பிட்டால் ஈய வளையத்தில் சுற்றிலும் நெருக்கமாகத் துளை போட்டு, மெல்லிய உளியால் கிள்ளி எடுங்கள். ஒரு சாக்கெட்டில் ஒரு கிலோ அளவுக்கு வரும். கையுறை போடுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள்.

கோட்டையூர் கட்டடப் பொறியாளர்

தரையை உடைக்க வேண்டாம். 9 மீட்டர் நேர் ஓட்டம் என்பது உங்களுக்கு வாய்த்த வசதி. பழைய 6 அங்குலத்துக்குள் 110 மி.மீ. எச்.டி.பி.இ. (அடர் பாலிஎத்திலீன்) குழாயைச் செருகிவிடலாம். எச்.டி.பி.இ. ஏன் என்றால், பி.வி.சி. சாக்கெட் பருமன் துருக்கட்டியில் மாட்டும். இதில் முனையோடு முனை சூட்டில் ஒட்டி 9 மீட்டரையும் ஒரே குழாயாக்கலாம். ஒட்டும்போது உள்ளே எழும் வளையத்தைச் செதுக்கி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதில் துணியும் முடியும் மாட்டும்.

செய்வதற்கு முன்னால் இரண்டு முனையிலும் குழாயின் அடிமட்டத்தை மட்டக் குழாய் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து எடுங்கள். 60க்கு 1 வாட்டம் (சரிவு) என்றால் 9 மீட்டரில் 150 மி.மீ. இறக்கம் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது குழாய் உட்கார்ந்திருந்தால், செருகிய குழாயும் அங்கே தொங்கி மலம் தேங்கும். அப்படியென்றால் இந்த முறை ஆகாது, சந்து வழியாகப் புதுக்குழாய் போட வேண்டியதுதான்.

வாட்டம் சரியென்றால், சங்கிலி கட்டிய எஃகு பிரஷை இருபுறமும் இழுத்துத் துருக்கட்டிகளை உதிர்க்கவும். அதிக அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள், இற்றுப்போன அடிப்பக்கத்தைத் துளைத்து மண்ணை அரித்துவிடும். பிறகு ஒன்றரை மீட்டர் சோதனைத் துண்டை முதலில் இழுத்துப் பாருங்கள். அது கீறல் ஆழமாக இல்லாமல் வெளியே வந்தால் முழுக்குழாயை இழுக்கலாம். இழுத்ததும் முனையை உடனே வெட்டாதீர்கள். இரு பக்கமும் ஒரு சாண் மிச்சம் விட்டு ஒரு நாள் கிடக்கட்டும். வெயிலில் கிடந்த குழாய் மண்ணின் குளிர்ச்சிக்கு வந்து சுருங்கும். மறுநாள் வெட்டிச் சேருங்கள். எச்.டி.பி.இ.யும் பி.வி.சி.யும் வெளிவிட்டம் 110தான், சாதாரணக் கப்ளிங்கே பொருந்தும்.

இரண்டு குழாய்க்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் மெல்லிய சாந்து ஊற்றும்போது உள்குழாயில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். இல்லாவிட்டால் அது மிதந்து வாட்டம் கெடும்.

இதில் உள்விட்டம் 97 மி.மீ.யாகக் குறைகிறது. பழைய கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குதான். கழிப்பறைக்குத் தாராளம். ஆனால் வளவு மழைநீர் எதுவும் இந்தக் குழாயில் சேரக் கூடாது. இப்போது சேர்கிறதா என்று பாருங்கள்.

சுண்ணாம்புக்காரர்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். அந்த 9 மீட்டர் பாதை மேல் உள்ள ஆத்தங்குடிக் கல்லை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றாக ஒலித்தால் கசிவு அடிமண்ணைக் கொண்டுபோயிருக்கும். அந்தக் கல்லை மட்டும் எடுக்க வேண்டும். இடுக்கை மெல்லிய பிளேடால் வெட்டிவிட்டு, சுவர் ஓரத்துக் கல்லிலிருந்து தொடங்குங்கள். பாதி உடையத்தான் செய்யும். அதனால் வடிவத்தைப் படமெடுத்து ஆத்தங்குடியில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடிமேல் வார்த்து, நீரில் பதப்படுத்தி, காய வைத்துத் தருவதற்கு நாள் ஆகும்.

பள்ளத்தூர் வளவு

பார்த்தேன். வடமேற்கு மூலைத் தண்ணீர் செப்டிக் குழாயில்தான் சேர்கிறது! மற்ற மூன்றும் தெருப்பக்கம் போகின்றன. வாட்டம் 155 மி.மீ., நடுவில் தேக்கம் இல்லை.

தேவகோட்டை பிளம்பிங்

அப்படியானால் ஒவ்வொரு பெருமழைக்கும் டேங்க் நிரம்பி, கழிவு கரையாமலே வெளியே தள்ளப்பட்டிருக்கும். அந்த மூலையைப் பிரித்துத் தோட்டத்துக் கிணற்றோரம் உறிஞ்சுகுழிக்கு விடுங்கள். தமிழ்நாட்டில் 2003லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்தானே. முதல் மழை அழுக்கு போக ஒரு மாற்று வால்வு வையுங்கள்.

வாங்க வேண்டியது, கழிப்பறைக் குழாய் உயரம் 7.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டு: 110 மி.மீ. ‘பி’ வகை 3 மீட்டர் குழாய் 3, கதவு டீ 1, 45 டிகிரி வளைவு 2, பிடிகள் 6, தொப்பி 1, மாற்றுக் கப்ளிங் 1, சாதாரணக் கப்ளிங் 1. மழை மூலைக்கு 100 மி.மீ. வார்ப்பிரும்பு 6 அடிக் குழாய் 2 மட்டும், கீழே உள்ளது நன்றாக இருப்பதால். தரைக்கடிக்கு எச்.டி.பி.இ. 10 மீட்டர்.

பி.வி.சி. சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சாந்து அதைப் பிடிக்காது. அந்த ஓரடி நீளத்துக்குக் குழாய்மேல் பசை தடவி, உலர்ந்த மணலைத் தூவிக் காய விடுங்கள், பிறகு சுண்ணாம்புச் சாந்து கவ்விக்கொள்ளும். பிடி ஸ்குரூவை இடுக்குக் காரையில் போடாமல் செங்கல் நடுவில் போடுங்கள். விரிந்து பிடிக்கும் போல்ட் வேண்டாம், செங்கல் பிளக்கும்.

செப்டிக் டேங்க் பக்கம் முனையைச் சேர்க்கும்போது யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும், கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சிவிட்டு, வெளியே குழி தோண்டி அங்கிருந்து சேருங்கள்.

பள்ளத்தூர் வளவு

மூடுவதற்கு முன் கசிவு பார்ப்பது எப்படி? 7 புள்ளிக்கும் காட்ட வேண்டும், செலவு எல்லோருடையதும்.

கோட்டையூர் கட்டடப் பொறியாளர்

டேங்க் பக்கத்து முனையில் ஊதும் ரப்பர் அடைப்பானை வைத்து அடையுங்கள். கதவு டீ வழியாகத் தண்ணீர் விட்டு, தரைக்குழாயின் மேல்முனைக்கு மேலே 1.5 மீட்டர் உயரம்வரை நிரப்புங்கள். டீ அதற்குக் கீழே இருந்தால் அதன் கதவை இறுக மூடிவிட்டு மாடியிலிருந்து ஊற்றுங்கள். காற்றுக்குமிழி வெளியேற 10 நிமிடம் விட்டு, மேலே மட்டத்தில் குறி போடுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குறி அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு சேர்ப்பையும் உலர்ந்த காகிதத்தால் சுற்றி வருடுங்கள், கண்ணுக்குத் தெரியாத துளியும் காகிதத்தில் தெரியும். குறி இறங்கி, வெளியே எல்லாம் உலர்ந்திருந்தால் கசிவு தரைக்கடியில். சாந்து ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், அப்போதுதான் குழாயைத் திரும்ப இழுத்து எடுக்க முடியும்.